பழங்களைக் கெடாமற் காத்தல்: குளிர்ச்சி முந்தி, உறை பிந்தி

(கிராமக் கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ராயபுரத்தை அடுத்த காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்குச் சென்று பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். கடலுக்குப் புறப்படும் விசைப்படகில் வலை ஏறுகிறது; எண்ணெய் ஏறுகிறது; அரிசியும் தண்ணீரும் ஏறுகின்றன. அவற்றோடு உடைத்த பனிக்கட்டியும் ஏறுகிறது. மீனோ அந்த நேரத்தில் இன்னும் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறது. கரைக்கு வந்த பிறகு பனிக்கட்டி தேடலாம் என்று எந்தச் செம்படவரும் நினைப்பதில்லை. அப்படி நினைத்தால் கரைக்கு வருவது மீனாக இராது என்பது அவருக்குத் தெரியும்.

அங்கிருந்து சிறிது தெற்கே சென்னைத் துறைமுகம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே கொள்கலன்களுக்கென்று தனியாக ஏற்பட்ட முதல் துறைமுனை அங்கேதான் திறக்கப்பட்டது. அங்கு வரும் இரும்புக் கொள்கலன்களில் சில, குளிர்பதன யந்திரம் பொருத்தியவை. மின்சாரம் கொடுத்து உள்ளே வேண்டிய குளிர்ச்சியை நிலைநிறுத்தலாம். ஆனால் அந்த யந்திரம், உள்ளே வைக்கும் சரக்கு ஏற்கெனவே குளிர்ந்திருக்கிறது என்ற எண்ணத்தின்மேல் அமைக்கப்பட்டது. வெயிலில் காய்ந்த பழத்தை அப்படியே ஏற்றிக் கதவை மூடினால், பழத்தின் நடுவிலுள்ள சூட்டை அது விரைவில் வாங்காது. குளிர்ந்த பண்டத்தைக் குளிர்ந்தபடியே காப்பதுதான் அதன் வேலை.

செம்படவரின் படகும் துறைமுகத்தின் குளிர்ப்பெட்டியும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. கெடும் பண்டத்திற்குக் குளிர்ச்சி முதலில் வரவேண்டும், மற்றவை பிறகு. பழம் விளைவிக்கும் ரயத்துகளிடையே இப்பாடம் இன்னும் வேரூன்றவில்லை. “நல்ல பிளாஸ்டிக் உறை வாங்கிவிட்டால் பழம் கெடாது” என்ற நம்பிக்கை அதற்கு மாறாகப் பரவிவருகிறது. சங்கத்தின் பணத்தை உறை வாங்குவதில் செலவிடும்முன் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பது அங்கத்தினர்களின் கடமையாகும்.

பழம் உயிருள்ள பண்டம்

மரத்திலிருந்து பறித்த பின்னும் பழம் உயிரோடுதான் இருக்கிறது. மனிதர்களைப் போலவே அது பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. அவ்வாறு மூச்சுவிடும்போது தன்னுள் சேர்த்துவைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது. நீரையும் உஷ்ணத்தையும் வெளியேற்றுகிறது. மரத்தில் இருந்தவரையில் இந்தச் செலவுக்கு ஈடாக வரவு இருந்தது. பறித்த பிறகு வரவு நின்றுவிட்டது; செலவு மாத்திரம் நடக்கிறது. வருமானம் நின்ற குடும்பத்தில் செலவைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழத்தின் விஷயமும் அதுவே.

அந்தச் செலவின் வேகத்தை நிர்ணயிப்பது உஷ்ணம். பத்து டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் ஏறினால் பழத்தின் மூச்சு ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று மடங்கு வேகப்படுகிறது. ஆகவே 10 டிகிரியில் இருக்கும் கொய்யாவைவிட 30 டிகிரியில் இருக்கும் கொய்யா நான்கு மடங்கு முதல் ஒன்பது மடங்கு வரையில் விரைவாகத் தன் ஆயுளைச் செலவழிக்கிறது. தக்க குளிர்ச்சியில் இரண்டு மூன்று வாரம் நிற்கும் கொய்யா, சாதாரண வீட்டுத் திண்ணையில் மூன்று நான்கு நாட்களில் குழைந்துபோவதன் காரணம் இதுவே.

இன்னொரு விஷயமும் உண்டு. மா, வாழை, கொய்யா, சப்போட்டா, பப்பாளி முதலிய கனிகள் பழுக்கும்போது எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அவ்வாயு பக்கத்திலுள்ள காய்களையும் பழுக்கத் தூண்டுகிறது. கூடையில் ஒரு பழம் கனிந்தால் கூடை முழுவதும் கனிவது இதனால்தான். மோட்டார் வண்டிகளின் புகையிலும் இந்த வாயு உண்டு. எண்ணூர், திருவொற்றியூர்ச் சாலைகளில் கொள்கலன் லாரிகளின் நெடிய வரிசையில் பழ வண்டி சிக்கி நிற்கும்போது, வெயில், புகை, தாமதம் என்ற மூன்று சத்துருக்களும் ஒன்றாகத் தாக்குகின்றன.

லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் நிலையத்தார் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் பழங்களிலும் காய்கறிகளிலும் அறுவடைக்குப் பின் அதிகமாக வீணாவது கொய்யாவே. நூற்றுக்கு 15.88 பங்கு வீணாகிறதென்று அவர்கள் கண்டார்கள். அதாவது ஆறு கூடை பறித்தால் ஏறக்குறைய ஒரு கூடை குப்பைக்குப் போகிறது. உழுததும், நீர் இறைத்ததும், எரு இட்டதும், கூலி கொடுத்ததும் அந்தக் கூடைக்கும் சேர்த்துத்தான்.

உறை செய்யும் காரியம் யாது?

1920-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் பிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், குளிரறையில் பிராணவாயுவைக் குறைத்துக் கரியமிலவாயுவைச் சிறிது அதிகப்படுத்தினால் ஆப்பிள் பழங்கள் நீண்டநாள் நிற்கின்றன என்பதை நிரூபித்தார்கள். 1933-ஆம் ஆண்டில் அதே தேசத்தில் பாலிதீன் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் இவ்விரண்டும் ஒன்றுகூடின. பெரிய அறையின் காற்றை மாற்றுவதற்குப் பதிலாக, ஒரு சிறு உறையினுள் காற்றை மாற்றலாம் என்ற யோசனை பிறந்தது. அதற்கு யந்திரம்கூட வேண்டியதில்லை. உறைக்குள் இருக்கும் பழமே மூச்சுவிட்டுத் தன்னைச் சுற்றியுள்ள காற்றை மாற்றிக்கொள்கிறது.

வெளிக்காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. உறைக்குள் அது குறைந்து, பெரும்பாலான கனிகளுக்கு 3 முதல் 5 பங்கு அளவில் நின்றால், பழத்தின் மூச்சு தணிந்து ஆயுள் நீளும். உறையின் மெல்லிய தகடு காற்றை முழுவதும் தடுப்பதன்று; சிறிது சிறிதாக உள்ளே விடும், வெளியே விடும். பழம் உட்கொள்ளும் அளவும் தகடு உள்ளே விடும் அளவும் சமமாகும் இடத்தில் உறையின் காற்று நிலைபெறுகிறது. இதுவே உறையின் ரகசியம் முழுவதும்.

இந்தச் சமநிலை உஷ்ணத்தைப் பொறுத்தது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. 10 டிகிரிக்கு ஏற்றதென்று தேர்ந்தெடுத்த உறையை 32 டிகிரி வெயிலில் வைத்தால், பழத்தின் மூச்சு பல மடங்கு பெருகுகிறது. தகடு காற்றை உள்ளே விடும் அளவோ அவ்வளவு பெருகுவதில்லை. உறைக்குள் பிராணவாயு தீர்ந்துபோகிறது. மூச்சு முட்டிய பழம் கள்ளைப்போலப் புளித்து நாற்றம் எடுக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பாகவே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தவர்கள் மறுநாள் அந்தக் கடைக்கு வரமாட்டார்கள்.

இரண்டாவது ஆபத்து வியர்வை. சூடான பழத்தை உறையிலிட்டுப் பிறகு குளிரவைத்தால், உறையின் உட்புறம் நீர்த்துளிகள் படியும். அத்துளி விழுந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மேலும் உறை, போர்வையைப்போல் பழத்தின் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்வதால், குளிர்வதற்கு அதிக நேரமும் ஆகிறது. ஆகவே சூடான பழத்திற்கு உறை நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது. முதலில் குளிரவைத்து, ஈரம் துடைத்து, பிறகு உறையிடவேண்டும். குளிர்ச்சி முந்தி, உறை பிந்தி என்பது இதனால்தான்.

உறைகளின் வகை

கடைகளில் எல்லாவற்றையும் “பிளாஸ்டிக் கவர்” என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் அவற்றின் குணம் வேறு வேறு.

குறைந்த அடர்த்தியுள்ள பாலிதீன் மிருதுவானது, விலை மலிவு. அது கரியமிலவாயுவைப் பிராணவாயுவைவிடச் சில மடங்கு எளிதில் வெளிவிடும். நீராவியை அதிகம் விடாது. ஆகவே பழம் வாடாமல் காக்கும், ஆனால் வியர்வை தங்கும். பாலிபுரோப்பிலீன் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். காற்றை இன்னும் குறைவாக விடும். துளைகள் இன்றி மூச்சு வேகமுள்ள பழத்துக்கு ஆகாது. தட்டின்மேல் இழுத்துச் சுற்றும் பி.வி.சி. தகடு நீராவியையும் காற்றையும் அதிகமாக விடும். ஓரிரு நாளில் விற்கும் சில்லறைக் கடைக்கு அது பொருந்தும். மூடியுள்ள கெட்டியான தெளிந்த சிறு பெட்டிகள் பெட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை காற்றை ஏறக்குறைய விடாதவையாதலால் துளையிட்டே விற்கப்படுகின்றன. நசுங்காமல் காப்பதுதான் அவற்றின் முக்கிய உபயோகம்.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். பழத்திற்குப் பயன்படும் பாலிதீன் உறைகள் பெரும்பாலும் 25 முதல் 50 மைக்ரான் கனமுள்ளவை. கனம் கூடினால் பலம் கூடும், காற்றோட்டம் குறையும். துளை எத்தனை, எவ்வளவு பெரிது என்பதும் பழத்துக்குப் பழம் மாறும். ஆகையால் “எல்லாப் பழத்துக்கும் ஏற்ற உறை” என்று ஒருவர் விற்கவந்தால், சங்கத்தின் காரியதரிசி அவரிடம் எந்தப் பழம், எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். விடை சொல்லாதவரிடம் வாங்குவது நியாயமன்று.

குளிர்ச்சியிலும் அளவு உண்டு

குளிர்ச்சி நல்லதென்பதால் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று எண்ணுவது தவறு. உஷ்ண தேசத்துக் கனிகள் அதிகக் குளிரில் நோயுறுகின்றன. வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுக்கும். மாங்காய் 12, 13 டிகிரிக்குக் கீழே நீண்டநாள் வைத்தால் பிறகு சரியாகப் பழுக்காது. தோலில் குழி விழும். கொய்யாவுக்கு 8 முதல் 10 டிகிரி பொருத்தம். திராட்சையும் ஸ்டிராபெரியும் இவற்றுக்கு மாறானவை. ஏறக்குறைய பூஜ்ய டிகிரியில்தான் நன்றாக நிற்கும். எல்லாவற்றுக்கும் காற்றில் ஈரம் நூற்றுக்கு 90 முதல் 95 பங்கு இருக்கவேண்டும். இல்லையேல் பழம் தன் எடையை இழந்து சுருங்கும். எடை குறைந்தால் தராசில் பணமும் குறையும்.

ஆகவே திராட்சையையும் மாங்காயையும் ஒரே குளிரறையில் வைப்பது கூடாது. எதிலீன் விடும் கனிந்த வாழையை மற்றக் காய்களோடு அடைப்பதும் கூடாது.

கடற்கரைக் கிராமங்களில் செங்கல் குளிரறை

மின்சாரமில்லாத குளிரறை ஒன்றை 1980-ஆம் ஆண்டுகளில் புதுடில்லி இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்துக் காட்டினார்கள். செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் மணல் நிரப்பி, மணலைத் தினமும் நனைத்துவர வேண்டும். நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் உஷ்ணத்தை வாங்கிக்கொள்கிறது. மேலே கூரையும் ஈரக் கோணியும் இருந்தால் போதும். வறண்ட கோடைக்காலத்தில் வெளியைவிட 10 முதல் 15 டிகிரி வரையில் குறையக்கூடும். உள்ளூர்ச் சாமானாலேயே கட்டலாம்.

ஆனால் இது உலர்ந்த காற்றுள்ள பிரதேசத்தின் கணக்கு. எண்ணூரும் பழவேற்காடும் மீஞ்சூரும் கடற்காற்று வீசும் இடங்கள். துவைத்த வேஷ்டி கொடியில் உலர மறுக்கும் நாளில், நனைந்த மணலும் உலர மறுக்கும். உலராத மணல் குளிர்ச்சி தராது. ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் இந்த அறை சில டிகிரியே குறைக்கும். மேல்காற்று வீசும் கோடைப் பகலில் நன்றாக வேலை செய்யும். எனவே இதை ஒரு நிழலறையாகவும், பறித்த பழம் சில மணி நேரம் இளைப்பாறும் இடமாகவும் கருதலாம். குளிர்பதன அறைக்கு ஈடாகக் கருதி ஏமாறலாகாது. இன்னோரிடத்தில் பலித்த முறையைத் தன் ஊர்க் காற்றை அறியாமல் எடுத்துக்கொள்வது வீண்செலவாக முடியும்.

பனிக்கட்டிக் கணக்கு

காசிமேட்டுப் பக்கத்தில் பனிக்கட்டிச் சாலைகள் இருப்பதால், வடசென்னையை அடுத்த கிராமங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டி கரையும்போது 80 கிலோகலோரி உஷ்ணத்தை வாங்குகிறது. 100 கிலோ கொய்யாவை 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,800 கிலோகலோரி உஷ்ணத்தை நீக்கவேண்டும். கணக்குப்படி சுமார் 23 கிலோ பனிக்கட்டி போதும். காற்றில் வீணாகக் கரைவதையும் சேர்த்தால் அதைவிட அதிகம் தேவைப்படும். தெர்மோகோல் உட்புறமுள்ள பெட்டியானால் அந்த விரயம் குறையும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். மீனுக்கென்று செய்த பனிக்கட்டி குடிதண்ணீரால் ஆனதென்று சொல்லமுடியாது. அது பழத்தின்மேல் படக்கூடாது. மூடிய தகரத்திலோ கெட்டியான புட்டியிலோ அடைத்து வைக்கவேண்டும். மீன் வைத்த பெட்டியில் பழம் வைக்கவும் கூடாது, வாடை ஏறிவிடும். அடுத்தபடியாக, பனிக்கட்டிப் புட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழம் குளிரால் நோயுறுமாதலால் இடையில் ஒரு பலகை வேண்டும். உள்ளே ஒரு வெப்பமானி இருந்தால் ஊகிக்கவேண்டிய அவசியம் இல்லை.

பறிப்பும் பிரயாணமும்

குளிர்ச்சியின் முதற்படி பனிக்கட்டியன்று, விடியற்காலையே. சூரியன் ஏறுமுன் பறித்த பழம் மரத்திலிருந்தே குளிர்ந்து வருகிறது. நண்பகலில் பறித்து வெயிலில் குவித்த பழம் சுற்றுக்காற்றையும்விட அதிகச் சூடேறுகிறது. ஒரு கீற்றுப் பந்தல் போடச் செலவு சொற்பம். அது மிச்சப்படுத்துவதோ அதிகம்.

காயமே அழுகலுக்கு வாசல். காம்பைச் சிறிது விட்டுப் பறித்தல், மாங்காயின் பால் தோலில் வழியாமல் கவிழ்த்து வடியவிடுதல், கோணிச்சாக்கில் திணியாமல் காற்றோட்டமுள்ள பெட்டிகளில் அடுக்குதல், பெட்டியின் விளிம்புக்கு மேலே பழம் எழும்பாமல் நிரப்புதல் ஆகியவை காசு கேளாத காரியங்கள். நசுங்கிய பழத்தை எந்த உறையும் குணப்படுத்தாது. ஒரு நசுங்கிய பழம் உறைக்குள் புகுந்தால் கூட இருக்கும் பழங்களும் கெடும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வழியாகச் சென்னைக்கு மின்சார ரயில் ஓடுகிறது. அதிகாலை வண்டியில் வரும் கூடை, சாலைத் தடையில் அகப்படாமல் திருவொற்றியூர்த் தேரடிக்கும் ராயபுரத்துக்கும் வெயிலுக்குமுன் வந்து சேரும். சரக்கு அதிகமானால் சங்கம் ஒரு வண்டியை இரவில் ஏற்பாடு செய்து, விடியுமுன் சந்தையை அடையச் செய்யலாம். தனி ரயத்துக்கு இது கட்டாது. இருபது பேர் சேர்ந்தால் கட்டும்.

மகாராஷ்டிரத்து உதாரணம்

கூட்டுறவால் இக்காரியம் கைகூடும் என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. 1991-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தில் திராட்சை விளைவிப்போரின் கூட்டுறவு சங்கங்கள் பல ஒன்றுசேர்ந்து மகாகிரேப்ஸ் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. அந்த ராஜ்ய விவசாய விற்பனை மண்டலியும் தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகமும் அதற்குத் துணைநின்றன. தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பிய சரக்கு அங்கே நிராகரிக்கப்பட்டதும் உண்டு. அவர்கள் மனந்தளராமல் முறையைத் திருத்திக்கொண்டார்கள்.

திராட்சை ஏற்றுமதியில் இன்று கையாளும் முறையில் வரிசைதான் முக்கியம். காலையில் பறித்த குலைகளைத் தாமதமின்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பாலிதீன் விரித்த அட்டைப் பெட்டியில் அடுக்குகிறார்கள். விரிப்பைத் திறந்தபடியே விட்டு, வேகமான குளிர்காற்றைப் பெட்டிகளின் ஊடே செலுத்திப் பழத்தைக் குளிரவைக்கிறார்கள். பழம் குளிர்ந்த பின்னரே, கந்தகப் புகையை மெல்ல விட்டுப் பூஞ்சணத்தைத் தடுக்கும் காகிதத்தை மேலே வைத்து, பாலிதீனை மடித்து மூடுகிறார்கள். பிறகு பூஜ்ய டிகிரிக்குச் சமீபமான குளிரறை; அதன் பிறகு குளிர்க்கொள்கலன்; அதன் பிறகு கப்பல். அங்கும் குளிர்ச்சி முந்தியது. உறை மூடியது பிந்தியது. முன்குளிர்ச்சி யந்திரத்தைத் தனி ரயத்து வாங்கவில்லை, சங்கங்கள் வாங்கின.

தமிழ்நாட்டிலும் ஆராய்ச்சி நடைபெறாமல் இல்லை. கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலையார் கனடா தேசத்துக் குவெல்ப் சர்வகலாசாலையாரோடு சேர்ந்து, தாவரங்களில் இயற்கையாக உள்ள ஹெக்ஸனால் என்னும் பொருளைக் கொண்டு மா முதலிய பழங்களின் ஆயுளை நீட்டும் முறைகளை 2012 முதல் ஆராய்ந்தார்கள். பழத்தின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கும் நொதியை அது அடக்குகிறது. இத்தகைய புது முறைகளும் நிழலையும் குளிர்ச்சியையும் விட்டுவிட்டுத் தனியே நிற்பவையல்ல.

சங்கத்தின் கணக்கு

விஷயத்தைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. உதாரணத்திற்கு ஒரு சங்கத்து அங்கத்தினர்கள் ஒரு பருவத்தில் 10,000 கிலோ கொய்யா விற்கிறார்களென்றும், கிலோ 30 ரூபாயென்றும், நூற்றுக்கு 15 பங்கு வீணாகிறதென்றும் வைத்துக்கொண்டால், 1,500 கிலோ, அதாவது 45,000 ரூபாய், மண்ணுக்குப் போகிறது. பந்தல், பெட்டி, பனிக்கட்டி ஆகியவற்றால் அதில் பாதியைத் தடுத்தால் 22,500 ரூபாய் மிச்சம். பெட்டிகள் ஒரு பருவத்தோடு தீர்ந்துபோவதில்லை. பல வருஷம் உழைக்கும்.

இதற்கு மாறாகக் குளிர்ச்சிக்கு ஏற்பாடு செய்யாமல் கிலோவுக்கு ஒரு ரூபாய் வீதம் உறை மாத்திரம் வாங்கினால், 10,000 ரூபாய் செலவாகும், வீணாவது குறையாது, ஒருவேளை கூடும். நஷ்டம் 45,000 என்றிருந்தது 55,000 ஆகும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்ட ரயத்துக்கு இதன் பொருள் கடன்தான். பழம் இரண்டு நாள் நிற்காதென்று தெரிந்த தரகர் காலையில் சொன்ன விலையை மாலையில் பாதியாக்குகிறார். பழம் ஐந்து நாள் நிற்குமென்றால், “இன்று வேண்டாம், நாளை வருகிறோம்” என்று ரயத்து சொல்லமுடியும். அப்படிச் சொல்லும் சக்திதான் குளிர்ச்சி தரும் உண்மையான லாபம்.

சங்கம் செய்யவேண்டிய சோதனை

மகாசபையில் தீர்மானம் செய்து உறை மொத்தமாக வாங்குவதற்குமுன், ஒரு வாரம் ஒரு சிறு சோதனை நடத்தலாம். ஒரே மரத்தில், ஒரே காலையில், ஒரே பருவத்தில் பறித்த நாற்பது கொய்யாக்களைப் பத்துப் பத்தாக நான்கு கூறு செய்யவேண்டும். முதற்கூறு உறையின்றித் திண்ணையில். இரண்டாவது உறையோடு திண்ணையில். மூன்றாவது உறையின்றிக் குளிரில். நான்காவது குளிரவைத்துப் பின் உறையிட்டுக் குளிரில். தினமும் ஒரே வேளையில் எடை, நிறம், மணம், அழுகிய எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதவேண்டும். உறையைப் பிரித்தவுடன் புளித்த வாடை வந்தால் காற்று போதவில்லை என்று பொருள்; அடுத்த முறை துளைகளைக் கூட்டலாம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பள்ளிப் பிள்ளை போதும். அந்த நோட்டுப் புஸ்தகம், உறை விற்பவரின் வர்ணப் புஸ்தகத்தைவிட நம்பத்தக்கது.

சட்டமும் சுத்தமும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகள், உணவு மடிக்கும் தாள்கள் முதலியவை தடை செய்யப்பட்டன. ஆகவே எந்த உறையையும் வாங்குமுன் அது அனுமதிக்கப்பட்டதா என்று உள்ளாட்சி அதிகாரிகளிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேட்டறிய வேண்டும். பழத்தைத் தொடும் உறை உணவுக்கென்று செய்த புது பிளாஸ்டிக்காக இருத்தல் அவசியம். உருக்கி மறுபடி செய்த கறுப்புப் பை ஆகாது. உபயோகித்த உறைகளைச் சந்தையிலிருந்து திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் சங்கம் ஏற்கவேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் பிளாஸ்டிக் மிதந்தால் அந்த நீரை நம்பி வாழும் செம்படவருக்கு அது தீங்கு. ஒரு தொழிலாளியின் லாபம் மற்றொரு தொழிலாளியின் நஷ்டமாவது கூட்டுறவு ஆகாது.

பழுக்கவைப்பதற்குக் கால்சியம் கார்பைடு கல்லை வைப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடுக்கப்பட்டது. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்குக்கு மேற்படாத எதிலீன் வாயுவைக் கொண்டு பழுக்கவைப்பதற்கு விதி இடம் தருகிறது.

முடிவுரை

அங்கத்தினர்களே! செய்யவேண்டியவற்றின் வரிசை இதுவே. முதலில் விடியற்காலைப் பறிப்பு; அடுத்து நிழல்; அடுத்து நசுங்காத பெட்டி; அடுத்துக் குளிர்ச்சி; அதற்கு அடுத்ததே உறை; முடிவில் கூட்டு விற்பனை. முதல் மூன்றுக்கும் பெரிய மூலதனம் தேவையில்லை. அடுத்த வாரமே தொடங்கலாம். நான்காவதுக்குச் சங்கம் தேவை. அந்த நான்கும் இல்லாமல் ஐந்தாவதை வாங்கக் கையெழுத்திடுவது பொதுப் பணத்தை வெயிலில் வைப்பதற்கு ஒப்பாகும்.

திருவள்ளூரை அடுத்த திரூர்க் கிராமத்தில் 1904-ஆம் ஆண்டில் ஒரு விவசாயக் கூட்டுறவு நாணய சங்கம் பதிவாயிற்று. தமிழ்நாட்டின் முதல் கிராம விவசாய சங்கம் அதுவென்பது இந்த வட்டாரத்துக்குப் பெருமை. அன்றைய ரயத்துகளுக்கு இருந்த குறை, கடன் கொடுப்பவர் சொன்ன வட்டியை மறுக்கமுடியாமை. இன்றைய பழ ரயத்துக்குள்ள குறை, மாலையில் தரகர் சொல்லும் விலையை மறுக்கமுடியாமை. முன்னதற்குச் சிறு பணத்தைப் பலர் சேர்த்துப் பரிகாரம் கண்டார்கள். பின்னதற்கும் பரிகாரம் அதுவே. தனி ஒருவரால் ஒரு கூடைக்குப் பனிக்கட்டி வாங்கமுடியாது. ஊர் சேர்ந்தால் ஒரு வண்டிக்கே வாங்கலாம்.

காசிமேட்டுப் படகு பனிக்கட்டியோடு புறப்படுவதைப்போல், பழம் பறிக்கும் கூடையும் குளிர்ச்சியை முன்னிட்டுப் புறப்படட்டும். அடுத்த மகாசபையில் உறை வாங்கும் தீர்மானம் வந்தால், “பழத்தைக் குளிரவைக்க என்ன ஏற்பாடு?” என்ற கேள்வி முதலில் எழட்டும். அதற்கு விடை கிடைத்த பிறகு உறைக்குக் கையெழுத்திடலாம்.